பிரஷ்ஷோடு விழுந்த பாப்பா: வட சென்னையில் எங்கே ஓடுவது, கையில் என்ன எடுப்பது

என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7.10க்கு, பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் கடித்தபடியே குளியலறையிலிருந்து கூடத்துக்கு ஓடி வந்தாள். வாசற்படியில் ஈரம். குப்புற விழுந்தாள். பிரஷ் அண்ணத்தில் குத்திவிட்டது. 7.20க்கு ரத்தம் நின்றுவிட்டது. 7.30க்கு டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

தொண்டையை முழுசாகப் பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவரின் முன்னால் அவளை உட்கார வைத்தபோது மணி மாலை 4.20. நடுவில் ஒன்பது மணி நேரம். பாதி எங்கள் தெரியாத்தனத்தில் போனது, மீதி மூடிய கதவுகளைத் தட்டியதில் போனது. குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள். புது வண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ எண்ணூரிலோ இன்னொரு வீட்டில் இது நடந்தால் அந்த ஒன்பது மணி நேரம் ஒன்றாகச் சுருங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கிறது.

1. முதல் பத்து நிமிடம்

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மடியில் உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ரத்தத்தையும் எச்சிலையும் ஒரு கிண்ணத்தில் துப்ப விடுங்கள். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டும், பிறகு வாந்தியாக வந்து நம்மை இன்னும் பயமுறுத்தும்.

குத்திய பொருள் இன்னும் உள்ளேயே நிற்கிறதா? பிடுங்காதீர்கள். அதுதான் அடைப்பு போல ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பொருள் அசையாமல் பார்த்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். எங்கள் வீட்டில் பிரஷ் தானாகவே வெளியே வந்துவிட்டது.

விழுந்த நேரத்தை உடனே எழுதி வையுங்கள். கைப்பேசியில் உங்களுக்கு நீங்களே ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போட்டாலும் போதும், நேரத்தோடு பதிவாகிவிடும். இது எதற்கு என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

குழந்தை வாயைத் திறந்து அலறும்போது கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டு பத்து நொடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கல் நெஞ்சு என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். நான் எடுத்த வீடியோவில், உள்நாக்குக்கு இடது பக்கம் அரிசி அளவுக்கு ஒரு கறுத்த ஓட்டை தெரிந்தது. பிறகு அவள் யாருக்கும் வாயைத் திறக்கவே இல்லை. மாலையில் மருத்துவர் முதலில் பார்த்தது அந்த வீடியோவைத்தான்.

பொருள் உடைந்திருந்தால் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், ஏதாவது குறைகிறதா என்று. பென்சில் நுனி, ஐஸ் குச்சியின் சிராய், துடைப்பத்து ஈர்க்கு எல்லாம் உள்ளேயே ஒடிந்து தங்கும். மரமும் பிளாஸ்டிக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அதனால் அந்தப் பொருளையும், கிடைத்தால் அதே மாதிரி உடையாத இன்னொன்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

செய்யக்கூடாதது: எங்கள் மேல் வீட்டு அக்கா ஓடி வந்து, "காபித்தூள் வைம்மா, உடனே நின்னுடும்" என்று கையில் டப்பாவோடு நின்றார். அத்தை வாங்கி வைத்தும்விட்டார். முழங்காலில் வைப்பது போல வாய்க்குள் வைக்க முடியாது. குழந்தை அதை மூச்சுக்குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். காயத்தில் ஒட்டிக்கொண்டு எது ஓட்டை, எது தூள் என்று தெரியாமல் செய்துவிடும். மஞ்சள்தூள், சர்க்கரை, நெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். விரலை உள்ளே விட்டுத் துழாவுவதும் வேண்டாம்.

2. என்ன வகை அடி என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே அவசரம் இல்லை. நமக்குப் பயமாகத் தெரிவது ஒன்று, மருத்துவருக்குப் பயமாகத் தெரிவது வேறொன்று.

முன் வாயில் அடி: மேல் உதட்டையும் ஈறையும் சேர்க்கும் சவ்வு கிழிந்தால் சட்டையெல்லாம் ரத்தமாகும். பெரும்பாலும் தையல் கூட இல்லாமல் ஆறிவிடும். சுத்தமான துணியை நனைத்து உதட்டின் மேல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பால் பல் முழுசாக விழுந்துவிட்டால் திரும்பக் குழிக்குள் செருகாதீர்கள். எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போங்கள்.

பின் வாயில் குத்து: எங்களுடையது இது. ரத்தம் கொஞ்சம்தான் வரும், சீக்கிரம் நின்றும்விடும். ஆனால் உள்நாக்குக்கு இரண்டு பக்கமும், டான்சில் இருக்கும் இடத்துக்குப் பின்னால்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் கழுத்து வழியாக ஏறுகிறது. குச்சி அதைத் துளைக்காமல் நசுக்கிவிட்டால்கூட, குழாயின் உள்சுவரில் ரத்தம் மெல்ல உறைந்து, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து கை கால் விழுந்துபோகலாம். இது அபூர்வம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, அண்ணத்துக் காயம் தையல் இல்லாமலே ஆறும். ஆனாலும் நடு அண்ணத்தில் குத்தினால் ஒரு மாதிரி, ஓரத்தில் குத்தினால் வேறு மாதிரி என்று மருத்துவர்கள் பிரிப்பது இதனால்தான். ஓட்டை வழியாகக் காற்றும் கிருமியும் கழுத்துச் சதைக்குள் இறங்குவது இன்னொரு கவலை. குச்சி மிட்டாய், ஊதல், ஸ்ட்ரா, கரண்டி, பென்சில், ஊதுவத்திக் குச்சி எல்லாம் வாயில் இருக்கும்போது விழுந்தால் இந்தக் கணக்குதான்.

தொண்டையில் அடைப்பு: குழந்தை இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போகிறது. இருமட்டும், முதுகில் தட்டாதீர்கள். சத்தமே வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒரு நொடியும் நிற்காதீர்கள். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கை அடியால் 5 தட்டு. பிறகு திருப்பி, நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்னால் குனிய வைத்து 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக 5 அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108க்குப் பேசட்டும். துவண்டு போனால் தரையில் படுக்க வைத்து, 108இல் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாக உதறுவது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. வேண்டாம்.

காசு: ஒரு ரூபாய் விழுங்கினால், கழுத்திலிருந்து வயிறு வரை எக்ஸ்ரே எடுத்தால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். வயிற்றுக்குள் இறங்கியது பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். உணவுக்குழாயில் நின்றால் எடுத்தாக வேண்டும். வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள்.

பட்டன் பேட்டரி: இது காசு மாதிரி இருக்கும், ஆனால் காசு இல்லை. 2032 என்று எண் போட்ட பேட்டரி 20 மி.மீ. அகலம், சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். எச்சில் பட்டதும் மின்சாரம் ஓடி, 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். எடை பார்க்கும் இயந்திரம், வெளிச்சம் வரும் பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கார்த்திகைக்கு வாங்குகிறோமே அந்த பேட்டரி அகல் விளக்கு, எல்லாவற்றிலும் இது இருக்கிறது. எக்ஸ்ரேயில் காசு ஒற்றை வட்டமாகத் தெரியும், பேட்டரி வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தால் குழப்பம் வராது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தைக்கு வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன், அதிகபட்சம் 6 முறை கொடுக்கலாம். அரிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். தேன் வாங்கக் கடைக்குப் போய் நேரத்தை விடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூக்கில் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்.

ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய்: நம் தெருக்களில் சைக்கிளில் வந்து விற்கும் ஆசிட்டைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுக்கிறார்கள். குழந்தைக்கு அது கூல்டிரிங்ஸ்தான். வாயைத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் போன வழியே திரும்ப வந்து இரண்டாம் முறை சுடும். பாட்டிலை மூடியோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மீன் முள்: காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது! ஒன்று மட்டும். சோற்று உருண்டையை விழுங்க வைப்பது சில நேரம் முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் வெளிச்சம் போட்டுப் பார்த்து இடுக்கியால் எடுப்பது பல நேரம் ஐந்து நிமிட வேலை.

3. எங்கே போவது

எங்கள் முதல் தப்பு இங்கேதான். பக்கத்துத் தெரு கிளினிக் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்று காத்திருந்தோம். 10.15க்கு அந்த கிளினிக் மருத்துவர் வாசலிலிருந்தே டார்ச் அடித்து, நாக்கை அழுத்திக்கூடப் பார்க்காமல், "ஒண்ணும் இல்லம்மா, ஆறிடும்" என்று ஒரு சிரப் எழுதினார். பன்னிரண்டு மணிக்குப் பாப்பா எச்சிலை விழுங்காமல் வடியவிட ஆரம்பித்தாள். ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். காது மூக்கு தொண்டை மருத்துவர் மாலை ஆறுக்குத்தான் வருவார், ஆனால் 30,000 ரூபாய் முன்பணம் இப்போதே கட்டுங்கள் என்றார்கள்.

அதனால் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த நேரத்துக்கு அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவர், குழந்தை மருத்துவர், மயக்க மருத்துவர், சி.டி. ஸ்கேன் நாலும் இருக்கிறதா?" மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இருக்காது. அங்கே போனால் கடிதம் எழுதி அனுப்புவார்கள். அந்தக் கடிதம் இல்லாமலே நீங்கள் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம்.

வட சென்னைக்கு அது பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. குழந்தைகளுக்கென்றே தனியாக உள்ளது எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் இருக்கும் குழந்தைகள் நல மருத்துவமனை. மூச்சுத் திணறல், ரத்தம் நிற்காமல் வருவது, பேட்டரி, ஆசிட் என்றால் எது அருகிலோ அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே 24 மணி நேரமும் பார்ப்பார்கள். காலை ஓ.பி. வரிசையில் போய் நிற்காதீர்கள். வாசல் வேறு, வரிசை வேறு. அப்பாவோ அம்மாவோ இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், ரயில்வே ஊழியர் என்றால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையும் கணக்கில் உண்டு.

வழியைப் பற்றி. கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடந்தால் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு சரக்கு ரயில் பெட்டிகளை எண்ண வேண்டியதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் சைரன் போட்டாலும் நகராது. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பாதீர்கள். திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பக்கத்தவர்களுக்கு, குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது என்றால் பகலில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடிப்பது பல நேரம் வேகமானது. 108 ஆம்புலன்ஸுக்குக் காசு இல்லை. எங்கள் சந்துக்குள் அது நுழையாது. உங்கள் சந்தும் அப்படியென்றால் ஒருவர் முன்னாடியே மெயின் ரோட்டுக்குப் போய் நிற்கட்டும். தெருப்பெயரோடு கோயில், ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லுங்கள். போகலாமா வேண்டாமா என்ற சந்தேகத்துக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன அவசரங்களில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

4. கையில் எடுக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் கவரில் இப்போதே போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். குழந்தையின் ஆதார் நகல் (ஐந்து வயதுக்குள் நீல நிறத்தில் கொடுப்பார்கள், கட்டணம் இல்லை), பிறப்புச் சான்றிதழ் நகல், குடும்ப அட்டை நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதன் நகல், பெற்றோர் ஒருவரின் ஆதார். ஒவ்வொன்றிலும் இரண்டு. இரவில் ஜெராக்ஸ் கடை தேடி அலைந்த என் கணவரிடம் கேட்டால் மூன்று என்பார்.

இவற்றில் எதுவும் இல்லையென்று அவசர சிகிச்சையை நிறுத்த மாட்டார்கள். பிறகு கொண்டுவரச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆதார் தேடி பீரோவைக் கலைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டை மட்டும் முக்கியம். காயம் என்றதும் டெட்டனஸ் பற்றிக் கேட்பார்கள். 6, 10, 14 வாரத்து ஊசிகளும் 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டரும் போட்டாயிற்று என்று அட்டையில் இருந்தால் பெரும்பாலும் இன்னொரு ஊசி தேவைப்படாது. எங்களிடம் அட்டை இல்லை. என் அம்மா ராயபுரத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு, குத்திய பொருள். குழந்தையின் எடை தெரிந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள், மருந்தின் அளவெல்லாம் அதை வைத்துத்தான். ஒரு மாற்றுச் சட்டை, துண்டு, கைப்பேசி சார்ஜர், சில்லறை.

5. "எப்படி ஆச்சு?" என்று கேட்கும்போது

அடிபட்டு வரும் யாராக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்பார்கள். எங்கே, எப்போது, எதனால், யார் கூட இருந்தார்கள் என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள். போலீஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. அது நடைமுறை, நம்மேல் பழி போடுவதற்காக இல்லை என்பது அப்போது தெரியாது.

அத்தைதான் காலையில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில். "எத்தனை மணிக்கும்மா?" என்று மருத்துவர் கேட்டதும் அத்தை, "இப்பதான்… மத்தியானம் ஒரு மணி இருக்கும்" என்றார். காலையிலிருந்து கொண்டுவராமல் விட்டதற்குத் திட்டுவார்களோ என்ற பயம். நான் கைப்பேசியை நீட்டி 7.12க்கு என் கணவருக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினேன். மருத்துவர் யாரையும் திட்டவில்லை. "ஒன்பது மணி நேரம் ஆச்சா" என்று சொல்லிக்கொண்டே கழுத்தை விரல்களால் தடவி அழுத்திப் பார்த்தார்.

நேரத்தை மாற்றிச் சொன்னால் கணக்கே தப்பும். எத்தனை மணி நேரம் கண்காணிக்க வேண்டும், தொற்று தொடங்கியிருக்குமா, ஸ்கேன் இப்போதா பிறகா எல்லாம் விழுந்த நேரத்திலிருந்துதான் எண்ணுவார்கள். வீட்டுச் சண்டையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். காபித்தூள் வைத்ததையும் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கறுப்பை அழுகிய சதை என்று நினைத்திருப்பார்கள்.

பதிவு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் காப்பீட்டில் பணம் கேட்கும்போது அதன் நகல் கேட்கலாம்.

6. பால் கொடுக்காதீர்கள்

இதை ஒரு தனிப் படியாக எழுதக் காரணம் இருக்கிறது.

இரண்டு வயதுக் குழந்தை ஸ்கேன் மேஜையில் அசையாமல் படுக்காது. லேசாக மயக்க மருந்து கொடுக்க வேண்டும். மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்: திட உணவு, பசும்பால், பால் பவுடர் என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. இல்லையென்றால் மயக்கத்தில் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போய்விடும்.

மாலை மூன்றரைக்கு ஆட்டோவில் ஏறும்போது குழந்தை சிணுங்குகிறாளே என்று என் அம்மா அரை டம்ளர் பால் புகட்டினார். அவள் குடித்ததே மூன்று வாய்தான் இருக்கும். "கடைசியா எப்போ என்ன குடிச்சா?" என்று மயக்க மருத்துவர் கேட்டார். சொன்னதும் எழுதிக்கொண்டு, "ஒன்பதரைக்கு மேல பாக்கலாம்" என்றார். வார்டு வராந்தாவில் பசியில் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்பதரை வரை நடந்தேன்.

பின் வாயில் குத்து, தொண்டையில் பொருள் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, மருத்துவர் சொல்லும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். பேட்டரிக்குச் சொன்ன தேன் மட்டும்தான் விலக்கு. குழந்தையைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லி வையுங்கள். பிஸ்கட் பாக்கெட் இல்லாமல் நம் ஊரில் யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.

எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். நடு அண்ணத்தில் சின்னக் கீறல், குழந்தை தெளிவாக இருக்கிறது என்றால் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம். "ஏன் ஸ்கேன் எடுக்கலை" என்று சண்டை பிடிக்காதீர்கள், கதிர்வீச்சு குழந்தைக்கு நல்லதில்லை. ஓரத்தில் ஆழமாகக் குத்தியது, கழுத்து வீங்கியது, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று தெரிவது, உடம்பில் ஒரு பக்கம் தளர்வு என்றால் எடுப்பார்கள். மருந்து ஏற்றி ரத்தக் குழாயையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு ரத்தக் குழாய் நன்றாக இருந்தது. சதைக்குள் கொஞ்சம் காற்று இறங்கியிருந்தது. தையல் போடவில்லை. இரண்டு இரவு ஊசி மருந்து ஏற்றினார்கள்.

7. எவ்வளவு ஆனது

அரசு மருத்துவமனையில் படுக்கை, மருத்துவர், ஊசி, மருந்துக்கு எதுவும் இல்லை. ஸ்கேனுக்கு எங்களிடம் 500 ரூபாய் வாங்கி ரசீது கொடுத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் சொல்லிப் பாருங்கள். காலை கிளினிக்கில் 300, அவர் எழுதிய சிரப் 180 (மூடி திறக்கவே இல்லை). தனியாரில் முன்பணம் கட்டாமல் திரும்பினோம், பதிவுக் கட்டணம் 400 மட்டும் போனது. அங்கே ரத்தக் குழாய் ஸ்கேனுக்கு விலை கேட்டபோது ஏழாயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். ஆட்டோ மூன்று முறை, 650. என் கணவருக்கு மூன்று நாள் சம்பளம். அதுதான் பெரிய செலவு.

குழந்தையோடு இரவில் ஒருவரைத்தான் தங்க விடுவார்கள். நுழைவுச் சீட்டு கொடுப்பார்கள், தொலைக்காதீர்கள். பாய், போர்வை, கொசுவுக்கு ஏதாவது கொண்டுபோங்கள்.

8. வீட்டுக்கு அனுப்பிய பிறகு மூன்று நாள்

ஸ்கேன் எடுக்காமல் அனுப்பினாலும் எடுத்து அனுப்பினாலும், அடுத்த 72 மணி நேரம் வேலைக்கு லீவு போட்டு ஒருவர் கூடவே இருங்கள். முதல் இரண்டு இரவு நாங்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி, பெயர் சொல்லி, இரண்டு கையாலும் பொம்மையைப் பிடிக்கச் சொன்னோம். மருத்துவரே சொல்லிக்கொடுத்த வழி இது.

கீழே உள்ளதில் ஒன்று வந்தாலும் திரும்ப அவசரப் பிரிவுக்குத்தான், மறுநாள் ஓ.பி.க்கு இல்லை:

எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம், ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது. ஒரு கையோ காலோ தளர்வது, வாய் கோணுவது, நடை தள்ளாடுவது, வலிப்பு. திரும்பத் திரும்ப வாந்தி. காய்ச்சல். எச்சில் வடிவது, குடிக்க மறுப்பது, வாயில் சூடான இட்லியை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறுவது. கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒரு பக்கமாக வைத்துக்கொள்வது, கழுத்து வீக்கம். மூச்சு இழுக்கும்போது சத்தம். புதிதாக ரத்தம்.

சாப்பாட்டுக்கு ஆறிய கஞ்சி, குழைந்த தயிர் சாதம், மசித்த வாழைப்பழம், இளநீர். முறுக்கு, வறுகடலை, அப்பளம் இரண்டு வாரம் வேண்டாம். ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சினால் காயம் விரியும். காரமும் சூடும் வேண்டாம். சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்க வையுங்கள். காயத்தின் மேல் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் ஆறுவதற்கான பொருக்குதான், சீழ் என்று பயந்து துடைக்கப் போகாதீர்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்து ஊற்றாதீர்கள். எழுதிக் கொடுத்ததை முழு நாளும் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், அறிக்கை மூன்றையும் வாங்காமல் வார்டை விட்டு இறங்காதீர்கள். நாங்கள் அறிக்கையை விட்டுவிட்டு வந்து, மறுபரிசோதனை நாளில் காலை ஏழரைக்கு வரிசையில் நின்றும் பதினொன்றுக்குத்தான் உள்ளே போனோம்.

9. வீட்டில் மாற்றியவை

இப்போது பாப்பா குளியலறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துதான் பல் தேய்க்கிறாள். தேய்த்து முடித்து பிரஷ்ஷை என் கையில் கொடுத்த பிறகுதான் எழுந்திருக்கலாம். குச்சி மிட்டாயும் உட்கார்ந்துதான். ஆசிட் பாட்டிலை பரண் மேல் ஏற்றியாயிற்று. பேட்டரி விளக்குகளின் மூடியில் திருகு இல்லாதவற்றை எறிந்துவிட்டேன். பழைய பேட்டரிகளை இரண்டு பக்கமும் டேப் ஒட்டித்தான் குப்பையில் போடுகிறேன். வேர்க்கடலை நான்கு வயது வரை முழுசாகக் கிடையாது, பொடித்துத்தான். மூச்சுக்குழாயில் போன கடலை எக்ஸ்ரேயில் தெரியாது, நாள்பட்ட இருமலாகத்தான் தெரியும். அத்தைக்குக் காபித்தூள் டப்பா மேல் இன்னும் நம்பிக்கை போகவில்லை.

10. காப்பீட்டு அட்டையை இந்த மாதமே வாங்குங்கள்

எங்களிடம் அட்டை இருந்தது, ஆனால் கல்யாணத்துக்கு முன் மாமனார் பெயரில் எடுத்தது. பாப்பாவின் பெயர் அதில் எங்கே இருக்கும்? காசு விழுங்கி குழாய் விட்டு எடுக்க வேண்டியிருந்தால், ஆசிட் குடித்து வாரக்கணக்கில் படுக்க நேர்ந்தால், தனியாரில் அந்த அட்டைதான் கை கொடுக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டும்தான். ஓ.பி. செலவு அதில் வராது.

வரிசை இதுதான், மாற்றினால் அலைச்சல். முதலில் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்க வேண்டும். பல வீடுகளில் "பெண் குழந்தை" என்று மட்டும் வாங்கி வைத்திருப்பார்கள். பிறகு குழந்தைக்கு ஆதார். பிறகு குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது. இதை இணையத்திலேயே செய்யலாம். பிறகு இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, 60 ரூபாய் கட்டணம். எல்லாம் கையில் வந்ததும் ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, சிங்காரவேலர் மாளிகைக்கு, காலையிலேயே குடும்பத்தோடு போங்கள். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம். சந்தேகம் இருந்தால் போகும் முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். மூலச் சான்றுகளை மறக்காதீர்கள். வெறும் நகலோடு போன எங்களை அடுத்த நாள் வரச் சொன்னார்கள்.

எங்களுக்கு மொத்தம் ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் குடும்ப அட்டையில் பெயர் ஏறுவதற்கே போனது, அதனால் குழந்தையின் ஆதார் வந்ததும் தள்ளிப்போடாமல் அதைத் தொடங்கிவிடுங்கள்.